மாதிரிக்கால் சாவுத்

செயற்கைக்கால் செய்யப் படிக்க வருகிறவர்களுக்கு எங்கள் கல்லூரியில் முதலில் சொல்லித்தருவது, மொட்டைக்காலைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பது. நான் சுளித்தேன். வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மற்ற பதினோரு பேரும் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். பெஞ்சில் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்த மனிதர் என்னைப் பார்த்து, "பயப்படாத தங்கச்சி, மிச்சத்த ஏற்கெனவே வெட்டிட்டாங்க. கடிக்காது" என்றார். வகுப்பே சிரித்தது. அவர்தான் மாவ் சாவுத்.

புனோம் பென்னில் அந்தக் கல்லூரி தொடங்கிய இரண்டாம் வருஷத்திலிருந்தே அவர் அங்கே மாதிரி நோயாளி. மாணவர்கள் அவருடைய காலில் ஈரத் துணியைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு அளவெடுப்பார்கள். அந்த அச்சை வைத்துப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு செய்து, அதன் கீழே குழாயும் பாதமும் பொருத்தி, அவருக்கு மாட்டி, இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவைப்பார்கள். நடை சரியாக இருந்தால் மார்க். மார்க் போட்டு முடிந்ததும் காலைக் கழற்றிப் பிரித்துவிடுவார்கள். குழாயும் பாதமும் ஸ்டோருக்குத் திரும்பும், கூடு குப்பைக்குப் போகும், சாவுத் தன்னுடைய பழைய காலை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வருஷத்துக்கு முப்பது நாற்பது புதுக் கால்களில் நடந்தவர் அவர். ஒன்றுகூட அவருடையது இல்லை.

பத்தொன்பது வயதில், பைலின் பக்கம் சிப்பாயாகக் காவலுக்கு நின்றபோது, மூத்திரம் பெய்யப் புதரோரம் ஒதுங்கிக் கண்ணிவெடியை மிதித்தவர். வெட்டிய டாக்டர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம், எலும்பு முனை எங்கும் துருத்தாமல், தழும்பு பின்பக்கம் ஒதுங்கி, கத்தரிக்காய் போல உருண்டிருக்கும். பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதே மாதிரி. லாவோஸ், மியான்மர், எங்கெங்கிருந்தோ வந்த மாணவர்கள் எல்லாரும் கீழ்க்கால் வேலையை அந்த ஒரு காலில்தான் கற்றுக்கொண்டார்கள்.

கைகள் மாறிமாறித் தொட்டதில் அவருக்கும் தொழில் ஏறிவிட்டது. ஈரத் துணி சுற்றும்போதே, "இடது கட்டைவிரல அழுத்துற. நாளைக்கு அந்த இடம் கடிக்கும்" என்பார். கடிக்கும். ஆனால் அதற்கு மேல் போக அவருக்கு வழி இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கல்லூரியில் சேரப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். கல்லூரி வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கும் அவர் மனைவி யென், "ஊர்ப்பட்ட பொண்ணுங்க உன் காலத் தடவுறாளுங்க, போதாதா, இப்ப புஸ்தகத்தயும் தடவணுமா" என்று கேலி பேசினாள். அவர் கேட்கவில்லை. மாலை வகுப்புகளுக்குப் போனார். ஒன்பதாம் வகுப்புத் தேர்வை மூன்றாம் முறையிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை இரண்டாம் முறையிலும் தாண்டினார். பதினொரு வருஷம் ஆயிற்று. முப்பத்தேழு வயதில் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். எழுதிய இருநூறு பேரில் ஒன்பதாம் இடம்.

நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் முதல்வர் நாரெத். அவரே படித்த காலத்தில் சாவுத்தின் காலில்தான் தேர்வு செய்து தேறியவர். அந்த அறையில் நடந்ததைப் பின்னாளில் நாரெத்தே என்னிடம் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொன்னார்.

"சாவுத் அண்ணே, நீங்க இந்தப் பக்கம் வந்துட்டா அந்தப் பெஞ்சுல யாரு உக்காருவா?"

"ரெண்டும் பாக்குறேன் ஐயா. காலைல படிக்கிறேன், மத்தியானம் உக்காருறேன்."

"உங்க கால்ல நீங்களே மாவுக்கட்டு போட்டுக்குவீங்களா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாவுத்தும் சிரித்தாராம். பிறகு நாரெத் கொஞ்சம் இறங்கிவந்து சொன்னாராம்: "படிக்கிறதுக்கு வருஷம் பன்னெண்டு பேரு கெடைப்பாங்க அண்ணே. உங்க காலு மாதிரி ஒரு காலு எங்களுக்குக் கெடைக்காது." சொல்லும்போது நாரெத் அதை ஒரு பாராட்டாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தில் வயது வரம்பு என்று எழுதி அனுப்பினார்கள். பட்டியலில் இருந்து அவர் பெயர் போனதும் கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு படி ஏறினார்கள். பதின்மூன்றாம் இடத்தில் இருந்தது நான். கன்னிதா, கம்போங் துரலாச்சிலிருந்து வந்தவள்.

எனக்கு இது இரண்டாம் வருஷம்வரை தெரியாது. ஒருநாள் அவர் காலில் மாவுக்கட்டு காய்வதற்காகக் கையை வைத்துக் காத்திருந்தபோது கேட்டார்.

"தங்கச்சி, நுழைவுத் தேர்வுல உன் நம்பரு என்ன?"

"பதிமூணு அண்ணே."

"என்னோடது ஒம்பது" என்றார். பிறகு, "கைய ஆட்டாத, அச்சு கெட்டுரும்" என்றார்.

நான் கையை ஆட்டவில்லை. அந்த ஆறு நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் வருஷ இறுதித் தேர்வு இரண்டு நாள். எனக்குக் கிடைத்தது சாவுத்தின் கால். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள், அந்தக் காலில் தோற்றவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அச்சு செய்யும்போது அந்த இடத்தில் மாவைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் கூடு அங்கே தாராளமாக அமையும். பதற்றத்தில் நான் கூட்டி வைத்ததை ராவித் தள்ளியிருக்கிறேன். இரண்டாம் நாள் காலை, தேர்வாளர்கள் வருவதற்கு முன்னால், காலை மாட்டி நாலு எட்டு வைத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளி எலும்புல கடிக்குது. கழட்டி, சூடு காட்டி, ரெண்டு மில்லிமீட்டர் தள்ளு."

"இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு அண்ணே. சூடு காட்டினா கூடு மொத்தமா இளகிடும். பெயிலாயிடுவேன்."

அவர் குனிந்து கூட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"வலிக்கலன்னு சொல்லிடுங்க அண்ணே. ஒரு நாள்தானே."

அதைக் கேட்டபோது என் குரல் கெஞ்சியது, ஆனால் மனத்துக்குள் கணக்குத் தெளிவாக இருந்தது. அவர் சம்மதிப்பார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டால் மறுக்காதவர்களை நாம் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறோம்.

"நீ படிக்கிறது என் சீட்டுல" என்றார் சாவுத். "நீ பெயிலானா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நடக்கிறேன்."

நடந்தார். சாய்தளத்தில் ஏறினார், படியில் இறங்கினார், சரளைக்கல்லில் நடந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் "வலிக்கல" என்றார். காலைக் கழற்றித் தோலைப் பார்க்கும் நேரம் வந்ததும், "ஐயோ, அரிக்குது" என்று இரண்டு உள்ளங்கைகளாலும் மொட்டை முழுவதையும் பரபரவென்று தேய்த்தார். எங்கே பார்த்தாலும் ஒரே சிவப்பு. தேர்வாளர் சிரித்துக்கொண்டே குறிப்பெழுதினார். எனக்கு எழுபத்தெட்டு மார்க்.

சாவுத்துக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவருக்கே அது தெரியாது. எலும்பின் மேல் வந்த கொப்புளம் உடைந்தது. அது மழைக்காலம்; அவர் குடியிருந்த சந்தில் கணுக்காலளவு சாக்கடைத் தண்ணீர். பழைய காலை மாட்டிக்கொண்டு அதில்தான் போய்வந்தார், அடுத்த மாணவர் தேர்வுக்கும் வந்தார். ஆறாவது வாரம் முட்டிக்கு மேலே, தொடையின் நடுவில் வெட்டினார்கள்.

நான் அப்போது கம்போங் சாமில், வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு வேலையில் சேர்ந்திருந்தேன். என்னோடு படித்தவன் ஒருவன் போனில், "உன் பரீட்சைக் காலு காலியாம், கேள்விப்பட்டியா" என்று சொன்னான். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் கட்டில் கிடைக்காமல் நடையில் பாய் போட்டுக் கிடந்தார். பக்கத்தில் யென் கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவளா?" என்று அவரைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாஸாயிட்டல்ல? எத்தன மார்க்கு?"

"எழுபத்தெட்டு அக்கா."

"எழுபத்தெட்டு" என்று சொல்லிப் பார்த்தாள். "கேட்டியாய்யா, உன் முட்டிக்கு எழுபத்தெட்டு போட்டிருக்காங்க. ரெண்டு முட்டியும் குடுத்திருந்தா முதல் ரேங்கே வாங்கியிருப்பா."

"சும்மா இரு. சக்கரையாலன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் சாவுத்.

"சக்கரை எனக்குந்தான் இருக்கு. எனக்கு ரெண்டு காலும் இருக்கே."

நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை அவள் வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நாரெத்தும் போய்ப் பார்த்திருக்கிறார். மனிதர் ஆறுதல் சொல்லத்தான் போனார். ஆனால் போன இடத்தில் வாய்க்கு வந்தது இது: "மேல்கால் மாதிரிக்கு நாலு வருஷமா ஆளே இல்லாம அல்லாடுறோம் அண்ணே. புண்ணு ஆறினதும் வந்துருங்க. அதுக்குச் சம்பளமும் கொஞ்சம் கூட." சாவுத் மூன்றாம் மாதமே வந்துவிட்டார். வேறு எங்கே போவார்?

ஐந்து வருஷம் கழித்து நாரெத் என்னைக் கல்லூரிக்கு ஆசிரியையாக அழைத்தார். முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அதே பெஞ்சில் சாவுத் உட்கார்ந்திருந்தார். மேல்கால் என்பதால் இப்போது பேன்ட்டைச் சுருட்ட முடியாது. அரைக்கால் சட்டை, இடுப்பில் ஒரு கட்டம்போட்ட க்ரமா துண்டு. என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"வாங்க டீச்சர்" என்றார்.

"அண்ணே, என்னப் போய் டீச்சர்ன்னு..."

"பின்ன எப்படிக் கூப்பிடுறது? தங்கச்சின்னா மாணவருங்க முன்னாடி நல்லாவா இருக்கும்? நீங்க உங்க வேலையப் பாருங்க டீச்சர்."

அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் என்னை நீ என்று சொல்லவில்லை. மாணவர்களுக்கு எப்போதும்போலக் கேலி, கிண்டல், எங்கே அழுத்த வேண்டும் எங்கே கூடாது என்ற அறிவுரை. எனக்கு மட்டும் மரியாதை. அந்த மரியாதையைப் போல வேறு எதுவும் என்னை அடித்ததில்லை.

அந்த வருஷக் கடைசித் தேர்வில் லாவோஸிலிருந்து வந்த மனிவான் என்ற பெண்ணுக்குச் சாவுத்தின் கால் வந்தது. வாய் அதிகம் பேசாத பெண். வியந்தியானில் ஒரு தொண்டு நிறுவனம் உதவிப்பணம் கொடுத்து அனுப்பியிருந்தது. தேறினால் அங்கே வேலை, தோற்றால் உதவிப்பணம் நின்றுவிடும். அவள் செய்த காலை முந்தின நாளே கையில் வாங்கிப் பார்த்திருந்தேன். மேல்காலில் உடம்பின் பாரம் முழுவதும் உட்காரும் எலும்பில் இறங்கும். அந்த விளிம்பை வழவழப்பாக வளைப்பதுதான் கடினம். என்னால்கூட அப்படி வளைக்க முடியாது.

சாவுத் கம்பிக்கு நடுவே ஒரு நடை நடந்தார். இடுப்பு சாயவில்லை, முட்டி சரியான நேரத்தில் மடங்கியது. தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்களோடு உட்கார்ந்திருந்த நான், வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது."

"எங்க அண்ணே?"

"உக்காருற எலும்புல."

மனிவான் தரையில் மண்டியிட்டு விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போனது. அரைகுறைக் கெமர் மொழியில், "இங்கயா அண்ணா? இங்கயா?" என்று கேட்டாள். கழற்றி, விளிம்பை ஒரு நூல் அளவு தேய்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி நடந்தார். வலிக்கிறது என்றார். மூன்றாம் முறையும் அதையேதான் சொன்னார். மூன்று முறை வலி என்றால் தேர்ச்சி இல்லை, விதி அது. ஆனால் தோலைச் சோதிக்கிறவர் சந்தேகம் எழுப்பினால் மறுதேர்வு வைக்கலாம். அன்று தோலைச் சோதித்தது நான்.

திரைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். சிவப்பு இல்லை, அழுத்திய தடம் இல்லை. குழந்தையின் தோல்போல இருந்தது. தலையை நிமிர்த்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவோ கேலியாகவோ இல்லை, ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல.

தோலில் தடம் இல்லை என்று நான் எழுதினால் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்டால் என் தேர்வைப் பற்றியும் அவர் என்னவெல்லாம் சொல்வாரோ. படிவத்தில், "நோயாளி வலி தெரிவித்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனிவான் முடிவை என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடுவதில் மும்முரமாக இருந்தேன்.

எல்லாரும் போனபின், காலைப் பிரித்துக் குழாயை எடுக்கும் சாக்கில் அவரிடம் போனேன்.

"ஏன் அண்ணே? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல காலு. இத்தன வருஷத்துல எனக்குப் போட்டதுலயே நல்ல காலு."

"அப்புறம்?"

"நீங்க என்ன எழுதுவீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு டீச்சர்." க்ரமாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொத நடையிலயே நிறுத்தச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவதுலயாவது. மூணாவதுக்கு எனக்கே பயமாப் போச்சு. இப்பக்கூட ஒண்ணும் ஆகல. நாரெத் ரூம்லதான் இருக்காரு. வாங்க, ரெண்டு பேரும் போயி, நான் பொய் சொன்னேன், நீங்க தெரிஞ்சே எழுதினீங்கன்னு சொல்லிருவோம்."

"வேண்டாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"சரி" என்றார். தன்னுடைய சொந்த மேல்காலை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மனிவான் அந்த வாரமே கிளம்பினாள். போகும்போது ஆசிரியர்கள் எல்லாரிடமும் கும்பிட்டு விடைபெற்றாள். என்னிடமும். அவளுடைய காலை நான்தான் பிரித்தேன். கூட்டைக் குப்பையில் போட்டது ஸ்டோர்க்காரர்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது சாவுத் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க கன்னிதா, உங்க பேச்சக் கேப்பாரு" என்று நாரெத் என்னை அனுப்பினார். மோட்டார் சைக்கிளில் போனேன். சந்தில் தண்ணீர் வடிந்திருந்தது. வாசலில் பாய் விரித்து, ஒரு மின்விசிறியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காலை மாட்டியிருக்கவில்லை. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"உங்களத் தேடுறாங்க அண்ணே. முதல் வருஷப் பசங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"வர்றேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "லாவோஸுக்குப் போயி அந்தப் பொண்ணப் பாத்து, நடந்ததச் சொல்லிட்டு வாங்க. போனுல வேணாம், நேர்ல. நீங்க வந்த மறுநாள் நான் வந்து உக்காருறேன்."

"அது எப்படி அண்ணே முடியும்? என் வேலை போயிடும்."

"போகுந்தான்."

"நீங்கதானே பொய் சொன்னீங்க."

"நானுந்தான் வர்றேன். டிக்கெட்டு நானே எடுத்துக்குறேன்."

விசிறியின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டே காத்திருந்தார். உள்ளேயிருந்து யென் எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. டீச்சர் கெளம்புறாங்க" என்றார் சாவுத்.

அவருக்கு உடம்பு முடியவில்லை என்று நாரெத்திடம் சொன்னேன். வருகைப் பதிவேட்டிலும் அப்படியே எழுதினோம். தாக்கேவ் பக்கமிருந்து புதிதாக ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். முனையில் எலும்பு துருத்துகிறது, மாணவர்கள் முனகுகிறார்கள், அந்த மனிதரும் அடிக்கடி வலிக்கிறது என்கிறார். சாவுத் அந்தச் சந்தில்தான் இருக்கிறார், விசிறியும் சோற்றுப்பானையும் பழுது பார்க்கிறார், செயற்கைக்கால் மாட்டுவதை அடியோடு விட்டுவிட்டார். மனிவான் வியந்தியானில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வருகிற ஜனவரியில் நாரெத் முதல்வர் பதவியை விட்டு விலகுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.